வட்டமாகும் வரை

குளிர்ந்து கிடக்கும் என்ஜினுக்குள் பிஸ்டன் வட்டமாக இருப்பதில்லை. இது எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் தெரிந்தது, கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்தில் ஒரு லேத் பட்டறையில்.

அது மார்கழி மாதம். ஊட்டி சேரிங்கிராஸுக்கு மேலே ஒரு நண்பன் வீட்டில் தங்கியிருந்தேன். இரவெல்லாம் பனியில் நின்ற என் நூறு சிசி டூ ஸ்ட்ரோக் பைக்கை விடியற்காலையில் உதைத்துக் கிளப்பி, கிளம்பிய கையோடு கோத்தகிரி ரோட்டு மேட்டில் முறுக்கினேன். ஏதோ அவசரம், என்ன அவசரம் என்பது இன்று நினைவில்லை. அரைக் கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டேன். சத்தம் கம்மியது. அடுத்த நொடி பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்று, தாரில் கோடு இழுத்தபடி வண்டி சறுக்கியது. கை தானாகக் கிளட்சைப் பிடித்ததால் விழாமல் தப்பினேன். பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

என் அப்பா டாக்ஸி டிரைவர். அவரிடம் சொல்லத் துணிவில்லாமல் சிலிண்டர் போரையும் பிஸ்டனையும் கழற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் மலையிறங்கினேன். லேத்தில் இருந்த பெரியவர் பிஸ்டனைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆயிலெல்லாம் சரியாத்தான் ஊத்தியிருக்கீங்க தம்பி. சூடேறுறதுக்கு முன்னாடி முறுக்கிட்டீங்க."

நான் எதுவும் சொல்லவில்லையே, எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பிஸ்டனின் பக்கவாட்டைக் காட்டினார். நாலு இடத்தில், ஒரு பெட்டியின் நாலு மூலைபோல, மேலிருந்து கீழாக உரசிய தடம். உரசிய இடத்தில் அலுமினியம் இழுபட்டுப் பளபளத்தது. "ஆயில் பத்தாமப் பிடிச்சிருந்தா சுத்தியும் கோடு விழுந்திருக்குமுங்க. இது நாலு மூலை" என்றார். பிறகு ரீபோருக்காக நான் வாங்கி வந்திருந்த ஓவர்சைஸ் பிஸ்டனைப் பிரித்து, மைக்ரோமீட்டரில் ஒரு திசையில் அளந்து காட்டினார். கால் திருப்பம் திருப்பி மறுபடி அளந்தார். இரண்டு அளவும் வேறு வேறாக இருந்தன. "புதுசுதானுங்க. ஆனா வட்டமா இருக்குதுங்களா?"

இல்லை. கண்ணுக்கு வட்டம், கருவிக்கு நீள்வட்டம்.

"சூடானா வட்டமாயிருமுங்க" என்று சொல்லிவிட்டுப் போரை லேத்தில் கட்டப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். பிஸ்டன் அலுமினியக் கலவை. அது ஏறி இறங்கும் போர் வார்ப்பிரும்பு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். போதாக்குறைக்கு, எரிகிற வாயு நேராக மோதுவது பிஸ்டனின் தலையில்தான். போரின் சூட்டையோ வெளியே காற்றோ தண்ணீரோ இடைவிடாமல் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஆக, முதலில் சூடாவதும் பிஸ்டன், அதிகம் விரிவதும் பிஸ்டன். இரண்டுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி, அதிகம் போனால் ஒரு தலைமயிரின் பருமன். மயிரிழையில் தப்புவது என்று நாம் சொல்வது இங்கே அளவாகவே உண்மை. பிஸ்டன் பின் என்ற குறுக்குத் தண்டு நுழைகிற இரண்டு பக்கமும் உலோகம் தடிப்பாக இருப்பதால் அந்தத் திசையில் கூடுதலாக விரியும். அதனால் அங்கே முன்கூட்டியே குறைத்துச் செதுக்கியிருப்பார்கள். தலைப்பக்கம் அதிகம் சூடாகும் என்பதால் அடிப்பக்கத்தைவிட மேலே ஒடுக்கமாக இருக்கும். நிதானமாகச் சூடேறினால் ஒவ்வோர் இடமும் தனக்கு விதித்த அளவு விரிந்து, பிஸ்டன் உருளையாகத் திரண்டு, போரோடு பொருந்தி ஓடும். அவசரப்பட்டால் பின்னுக்கு இரண்டு புறமும் இருக்கும் தடித்த உலோகம் முந்திக்கொண்டு விரிந்து, இன்னும் சூடாகாத இரும்பில் போய் மோதும். அந்த நாலு மூலை அப்படி வந்ததுதான்.

என்ஜினை வடிவமைத்தவரின் வரைபடத்தில் இருந்தது சூடான என்ஜின். நாம் காலையில் சாவி போடும்போது நம் முன்னால் இருப்பது அந்த என்ஜின் இல்லை, அதற்குக் கொஞ்சம் குறைவான ஒன்று. வேண்டுமென்றே கோணலாகச் செய்யப்பட்டு, மிச்ச வேலையைச் சூடு செய்துகொள்ளட்டும் என்று விடப்பட்டது. ஃபார்முலா ஒன் பந்தய வண்டிகளில் இது அதன் எல்லைக்கே போகிறது. அவற்றின் இடைவெளிகள் அவ்வளவு நுணுக்கமானவை. குளிர்ந்த நிலையில் என்ஜினைச் சுழற்றவே முடியாது. ஆயிலையும் தண்ணீரையும் வெளியே சூடாக்கி, உள்ளே ஓடவிட்டு, அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்வார்கள். நம் தெருவில் நிற்கும் கார் அந்த அளவுக்கு மறுப்பதில்லை. சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடுகிறது. கிளம்பிவிட்டதாலேயே அது தயார் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அப்பா அப்படி நினைத்தவர் இல்லை. அவரிடம் இருந்தது அம்பாசடர் டீசல். காந்தலில் எங்கள் வீடு. ஊட்டியில் உறைபனி முதலில் இறங்குகிற இடங்களில் காந்தலும் ஒன்று. டிசம்பர், ஜனவரியில் விடியும்போது புல்தரை உப்பைக் கொட்டி வைத்ததுபோல் கிடக்கும். இரவில் வண்டியை நிறுத்தியதும் அப்பா பானெட் மேல் இரண்டு கோணிச்சாக்கைப் போர்த்துவார். முன்கிரில்லுக்கு ஓர் அட்டை. கோயம்புத்தூர் ஏர்போர்ட்டுக்குச் சவாரி என்றால் மூன்றரை மணிக்கு எழுவார். முதலில் ஹீட்டரைப் போட்டுவிட்டு முப்பதுவரை எண்ணுவார், பனி அதிகமென்றால் ஐம்பது. டீசலுக்குப் பொறி கிடையாது. காற்றைப் பல பங்கு நெருக்கினால் அதுவே கொதித்து டீசலைப் பற்றவைக்கும் என்பதுதான் ருடால்ஃப் டீசல் 1897இல் ஆக்ஸ்பர்க்கில் ஓட்டிக் காட்டிய என்ஜினின் அடிப்படை. ஆனால் ஜில்லென்ற இரும்புச் சுவர் அந்தச் சூட்டைத் திருடிவிடும். அதற்காகத்தான் ஹீட்டர் பிளக், அதற்காகத்தான் அந்த எண்ணிக்கை. செல்ஃப் அடித்ததும் வண்டி உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டு எழுந்திருக்கும். பின்னால் வெள்ளைப் புகை வாசலை அடைக்கும். அது பாதி எரியாத டீசல். கண் எரியும், அம்மா சன்னலைச் சாத்துவாள். டீசலுக்கே உரிய அந்தத் தட்டல் சத்தம், கொல்லன் பட்டறையில் சின்னச் சுத்தியல் விழுவதுபோல, காலையில் மட்டும் கனமாக இருக்கும்.

பத்து வயதில் ஒருநாள் அப்பா உள்ளே காப்பி குடிக்கப் போயிருந்தபோது டிரைவர் சீட்டில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டேன். தம்ளரோடு ஓடி வந்தார். அடிக்கவில்லை. "டேய், ஆயில் இன்னும் மேலே போய்ச் சேரலைடா. இப்ப மிதிச்சா அது எப்படித் தாங்கும்?" என்றார். அவர் குரலில் இருந்தது கோபமா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். தூங்கி எழுந்த குழந்தையை யாரோ உலுக்கிவிட்டால் ஒரு தகப்பன் பேசுகிற குரல் அது.

ஆயில் போய்ச் சேர வேண்டும் என்பது சொல்லளவில் எளிமையானது. இரவில் அத்தனை ஆயிலும் வழிந்து கீழே சம்ப்பில் தேங்கிவிடும். மேலே கேம் ஷாஃப்டிலும் பேரிங்குகளிலும் மிஞ்சுவது ஒரு மெல்லிய பூச்சு. ஓடும் என்ஜினில் உலோகத்தை உலோகம் அநேகமாகத் தொடுவதில்லை. நடுவே அழுத்தத்தோடு ஆயில் படலம் ஒன்று தாங்கிக்கொண்டிருக்கும். கிளம்புகிற முதல் சில நொடிகளில் அந்தப் படலம் இல்லை. அதற்குத்தான் டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு. அது அணைந்தால் அழுத்தம் வந்துவிட்டது என்று பொருள். ஆயில் தன் இயல்புக்கு வந்துவிட்டது என்று பொருளில்லை. அப்பா ஊற்றியது 20டபிள்யூ-40. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. முன்னால் இருக்கும் எண் குளிரில் அதன் நடத்தைக்கு, பின்னால் இருப்பது 100 டிகிரிச் சூட்டில் அதன் தடிப்புக்கு. பல என்ஜின் ஆயில்கள் 40 டிகிரியிலேயே 100 டிகிரியில் இருப்பதைப்போல் ஏழு மடங்கு கெட்டி. காந்தல் வாசலில் உறைநிலைக்குப் பக்கத்தில் அது பல பத்து மடங்காகிவிடும். குளிர்ந்த தேனைச் சல்லடையில் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பம்ப் தள்ளும், ஆனால் இடுக்குகளுக்குள் அது நுழைய மனசு வைக்க வேண்டும்.

சமவெளியில் இந்தக் கவலை யாருக்கும் பெரிதாக இருந்ததில்லை. அங்கே பயமெல்லாம் கொதித்துவிடுமோ என்பதுதான். ரேடியேட்டர் கொதித்தால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவது நம் ஊர் மெக்கானிக்குகளில் பலருக்கு இருந்த பழக்கம். இன்றும் சிலரிடம் இருக்கிறது. அந்த வால்வுக்குள் இருப்பது ஒரு மெழுகு உருண்டை. என்ஜின் குளிர்ந்திருக்கும்வரை அது தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாமல் வழியை அடைத்து வைத்திருக்கும். சுமார் 80, 85 டிகிரியில் மெழுகு உருகி விரிந்து, ஒரு சின்னக் கம்பியைத் தள்ளி, கதவைத் திறக்கும். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. மெழுகுக்கே நேரம் தெரியும். அதைக் கழற்றிவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே தண்ணீர் ரேடியேட்டருக்குப் போய் ஆறி ஆறி வரும். வண்டி கொதிக்காது, சரி. சரியாகச் சூடாகவும் செய்யாது. மேட்டுப்பாளையத்தில் இப்படி வால்வு கழற்றிய ஒரு வண்டியை வாங்கி வந்த உறவினர் ஒருவர் ஊட்டியில் இரண்டு குளிர்காலம் அதோடு போராடினார். புகை, டீசல் குடி, எப்போதும் கெட்டியான சத்தம். அப்பாதான் கண்டுபிடித்து வால்வை வாங்கிப் போட்டார். சூடு என்பதை எதிரியாக மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது என்ஜினின் உறுப்புகளில் ஒன்று என்பது தெரிவதில்லை.

இங்கே அப்பாவோடு எனக்கு ஒரு மாறுபாடு உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கே நியாயம் செய்தவனாக மாட்டேன். நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் ஓடவிடுவது என்ற பழக்கம் அவர் தலைமுறையினரிடமிருந்து இன்றைய கார்களுக்கும் தொற்றியிருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் போர்ட்டிகோவில் காரைக் கிளப்பிவிட்டுக் குளிக்கப் போகிறார். கார்புரேட்டரும் சோக்கும் இருந்த நாளில் அதற்குக் காரணம் இருந்தது. சோக்கை இழுத்து வைத்த பெட்ரோல் வண்டி சூடாகாமல் நகர்ந்தால் முக்கி நின்றுவிடும். இன்றைய வண்டியில் எவ்வளவு எரிபொருள் வேண்டும் என்பதைச் சென்சார்கள் பார்த்துக்கொள்கின்றன. ஐடிலிங்கில் என்ஜினுக்குச் சுமையே இல்லை. சுமையில்லாமல் சூடு சீக்கிரம் வராது. குளிர்ந்த என்ஜினுக்குக் கூடுதலாக ஊற்றப்படும் பெட்ரோல் போர்ச் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். புகையில் இருக்கும் நச்சை மாற்றுகிற கன்வெர்ட்டரும் சில நூறு டிகிரி சூடு ஏறாமல் வேலை செய்யாது. அதுவரை வருவதெல்லாம் அப்படியே தெருவுக்கு. மூடிய போர்ட்டிகோ என்றால் கார்பன் மோனாக்சைடு வேறு. நிறமும் மணமும் இல்லாத அது வீட்டுக்குள் வருவதை யாரும் உணர மாட்டார்கள். ஜெர்மனியில் காரை நிறுத்தி வைத்துச் சூடேற்றுவதைப் போக்குவரத்து விதியே தடுக்கிறது, அங்கே குளிர் காந்தலைவிடக் கடுமை.

இன்னொன்றும் இருக்கிறது. நிற்கும் வண்டியில் சூடாவது என்ஜின் மட்டும்தான். கியர்பாக்ஸில் இருக்கும் ஆயிலும் குளிரில் கெட்டி. வீல் பேரிங்குகளில் கிரீஸ். ஷாக் அப்சார்பருக்குள் ஆயில். டயரின் ரப்பரே விறைத்திருக்கும். இவை எல்லாம் உருண்டால்தான் இளகும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ நிறுத்தி, விளக்குகள் அணைந்து, சத்தம் ஒருமாதிரி சமமானதும் கிளம்பி, முதல் ஐந்தாறு கிலோமீட்டர் மிதிக்காமல் போவதுதான் இன்றைய வண்டிக்குச் சரி. நான் அப்படித்தான் செய்கிறேன். அப்பா உண்மையில் செய்ததும் ஏறக்குறைய அதுதான் என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்குப் புலப்பட்டது. வாசலில் அவர் நிறுத்தியது காப்பி குடிக்கும் நேரம் மட்டுமே. அதன்பிறகு சேரிங்கிராஸ் தாண்டும்வரை மாட்டுவண்டிபோல் போவார். பின்சீட்டில் விமானத்துக்கு நேரமாகிறது என்று துடிக்கும் ஆள் இருப்பார். "போயிரலாம் சார்" என்பார், காலை அசைக்க மாட்டார். குன்னூர் தாண்டி இறக்கத்தில் இரண்டாம் கியரில் வண்டி இரைந்துகொண்டு இறங்கும். அந்த இரைச்சலுக்கு அதைத் தயார்செய்யத்தான் முன்னால் அத்தனை கிலோமீட்டர் மெதுவாக வந்தார்.

டெம்பரேச்சர் முள்ளை அவர் நம்பியதில்லை. அதுவும் சரியே. முள் காட்டுவது தண்ணீரின் சூடு. தண்ணீர் ஐந்து நிமிடத்தில் நடுவுக்கு வந்துவிடும்; ஆயில் தன் சூட்டுக்கு வர அதைவிட வெகுநேரம் ஆகும். பிஎம்டபிள்யூவின் எம்5 காரில், 1998இல் வந்த மாடலில், சுற்று வேகம் காட்டும் வட்டத்தைச் சுற்றிச் சின்ன விளக்குகள் வைத்திருந்தார்கள். ஆயில் குளிர்ந்திருக்கும்போது விளக்குகள் வரிசையாக எரிந்து, இதற்கு மேல் போகாதே என்று எல்லை போடும். ஆயில் சூடாக ஆக ஒவ்வொன்றாக அணைந்து, எல்லை விரிந்துகொண்டே போகும். அதைப் படித்தபோது எனக்கு அப்பாவின் காதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு அந்த விளக்குகள் சத்தத்தில் இருந்தன. தட்டல் தேய்ந்து, குரல் கீழிறங்கி, சீராகிற ஓரிடம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கால் அங்கே கொஞ்சம் அழுந்தும்.

காலையில் பள்ளிக்கூடம்வரை இரண்டு கிலோமீட்டர், திரும்ப இரண்டு கிலோமீட்டர் என்று மட்டுமே ஓடும் கார்களைப் பார்த்தால் எனக்கு மனசு கனக்கும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சூடான வண்டியில் அது ஆவியாகப் போய்விடும். குளிர்ந்த வண்டியில் சைலன்சர் முனையில் சொட்டும். என்ஜினில் ஏதோ ஓட்டை என்று பயந்து என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பயப்பட வேண்டியது சொட்டுவதற்காக இல்லை. முழுச் சூட்டை ஒருநாளும் காணாத வண்டியில் அந்த ஈரம் சைலன்சரை உள்ளிருந்து அரிக்கும், ஆயிலோடு கலந்து மூடியின் அடியில் வெண்ணெய்போல வெளுத்துப் படியும். வாரத்துக்கு ஒருமுறையாவது அதை நீண்ட ரோட்டில் ஓட்டிவிட்டு வரச் சொல்வேன்.

சூட்டுக்காகக் காத்திருப்பது கார் மட்டும் இல்லை. அப்பா என்னைச் சிறுவயதில் குன்னூரில் மலை ரயிலின் லோகோ ஷெட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் வடிவமைத்துச் செய்த எக்ஸ் வகை நீராவி என்ஜின்கள். கல்லாறிலிருந்து குன்னூர்வரை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தைப் பல்சக்கரத்தால் பற்றி ஏறுபவை. காலை வண்டிக்கு நள்ளிரவிலேயே வேலை தொடங்கிவிடும் என்று அங்கிருந்தவர் சொன்னார். நெருப்பைச் சட்டென்று மூட்ட முடியாது. ஃபயர்பாக்ஸ் ஒரு வேகத்தில் விரியும், பாய்லர் உடம்பு இன்னொரு வேகத்தில் விரியும், நடுவே நூற்றுக்கணக்கான குழாய்களும் இணைப்புகளும். அவசரப்படுத்தினால் இணைப்புகள் கசிய ஆரம்பிக்கும். மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரஷர் ஏற்ற வேண்டும். அப்பா அந்த ஆளிடம் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தார். எனக்குக் கால் வலித்தது. இரும்பின் மேல் அவர் உள்ளங்கையை வைத்தும் எடுத்தும் பார்த்தது மட்டும் பதிந்திருக்கிறது. வீட்டில் அம்பாசடர் பானெட்டையும் அப்படித்தான் தொட்டுப் பார்ப்பார்.

அம்பாசடர் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. உத்தர்பாராவில் அதைச் செய்வதையே 2014இல் நிறுத்திவிட்டார்கள். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது, லைசென்ஸைப் புதுப்பிக்கவில்லை. என்னிடம் இருக்கும் கார் ஊசியால் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. ஹீட்டரும் சோக்கும் அதற்கு வேண்டாம், சாக்கும் வேண்டாம் என்று அவருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறேன். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

போன ஜனவரியில் அவரைக் கோயம்புத்தூர் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஐந்து மணிக்கு வாசலுக்கு வந்தேன். பானெட் மேல் கோணிச்சாக்கு போர்த்தியிருந்தது. ராத்திரி நான் தூங்கிய பிறகு போட்டிருக்கிறார். மேலே பனி உறைந்து சாக்கு பலகைபோல் விறைத்திருந்தது. எடுத்து உதறியபோது பனி உடைந்து தரையில் விழுகிற சத்தம் கேட்டது. மடித்து டிக்கியில் வைத்தேன். அவர் முன்சீட்டில் ஏறி, கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு, சாவி போடும்வரை எதுவும் பேசவில்லை. சிவப்பு விளக்கு அணைந்தது. உயர்ந்திருந்த சுற்று மெல்ல இறங்கி நின்றது. நான் கியரைப் போட்டேன். கெட்டியாகத்தான் விழுந்தது.

"மெதுவா போ" என்றார். "போயிட்டுத்தாம்பா இருக்கேன்" என்றேன்.

சேரிங்கிராஸ்வரை இரண்டு பேரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு போனோம்.